நான் வெளியே நின்று ஜெயித்த ஆட்டங்கள்

ஆஸ்திரேலியாவில் ஜனவரி மாதம் நடக்கிற பெரிய டென்னிஸ் போட்டியை நான் வருடம் தவறாமல் பார்த்திருக்கிறேன். முதல் சுற்றிலிருந்தே பார்ப்பேன். விடியற்காலையில் இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு, அங்கே யார் யாரோடு மோதுகிறார்கள் என்று டிவியைப் போட்டுப் பார்க்கிற பெண்பிள்ளை செஞ்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இவ்வளவு பார்த்தும், எங்கள் ஆட்டக்காரன் கோப்பையை வென்ற கடைசிப் பாயிண்டை ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. அந்த நேரத்திலெல்லாம் நான் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கட்டிய புருஷன் நிற்கச் சொன்னார், நின்றேன்.

ஆட்டக்காரனின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் அவனைவிட இவன்தான் பெரியவன் என்று சண்டைக்குக் கிளம்பிவிடுவீர்கள். அந்தச் சண்டைகள் எனக்கு அலுத்துப்போய்விட்டன. அவனுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவன் எந்தக் குறையும் வைக்கவில்லை. வயதாகும்வரை ஆடினான், முடியாதபோது நிறுத்திக்கொண்டான். நான் இங்கே எழுதுவது அவனைப் பற்றி இல்லை. ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைத் தின்றுகொண்டே என்னை ஏமாற்றியவரைப் பற்றி.

எனக்கு டென்னிஸ் வந்தது வளையத்தின் வழியாக. பள்ளிக்கூடத்தில் டென்னிக்காய்ட் ஆடினேன். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிய வேண்டும், எதிரில் நிற்பவள் ஒரு கையால் பிடித்து அதே கையால் திருப்பி எறிய வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் பள்ளிகளில் இந்த வளையத்தைத் தொடாத கை குறைவு. நான் மாவட்ட அளவு வரைக்கும் போனேன். எதிரில் நிற்பவள் எந்தப் பக்கம் எறியப் போகிறாள் என்பது அவள் தோள் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. பன்னிரண்டாவது முடிந்தது, கல்யாணம் ஆனது, வளையம் போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்காரர் திண்டிவனம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், போர் மோட்டார் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் அவரிடம்தான் வரும். அதிகம் பேசாத மனிதர். கல்யாணமான புதிதில் அவர் பேசாததை நல்ல குணம் என்று எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். நான் அதற்கு நேர்மாறு. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஊசி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். வந்தவர்கள் துணியைக் கொடுத்துவிட்டுக் கதையும் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

கேபிள் இழுத்த வருடம் சேனல் மாற்றிக்கொண்டே போனபோது ஒரு நாள் டென்னிஸ் அகப்பட்டது. நீல நிறத் தரை, வெள்ளைக் கோடு, நடுவில் வலை. வளையத்துக்குப் பதில் பந்து, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தோன்றியது. எங்கள் ஆட்டக்காரனை அன்றுதான் முதல்முதலில் பார்த்தேன். அவன் தோள் திரும்பியதும் "குறுக்கே போடப் போறான்" என்றேன். குறுக்கேதான் போட்டான். பள்ளிக்கூட மைதானத்தில் நிற்பதுபோல் உள்ளங்கை பரபரத்தது.

வீட்டுக்காரருக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்ததே நான்தான். பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்ணுவதைக் கேட்டு, "நாப்பத்தஞ்சு எங்க போச்சு?" என்றார். எனக்கும் தெரியாது. "உங்க மோட்டார்ல ஒரு சுத்து கொறஞ்சா ஓடாது, அவங்களுக்கு அஞ்சு கொறஞ்சாலும் ஓடும்" என்றேன். அபூர்வமாகச் சிரித்தார். இரண்டொரு வருடத்தில் அவரும் எங்கள் ஆட்டக்காரனுக்கு ஆளாகிவிட்டார். ஊரில் மற்ற புருஷன் பெண்டாட்டி சேர்ந்து கோயிலுக்குப் போவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். நாங்கள் ஜனவரியில் டென்னிஸ் பார்த்தோம். இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, நம் நேரத்துக்கு மதியம் இரண்டு மணிவாக்கில் தொடங்கும். கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பாயை விரித்து, வறுத்த மல்லாட்டையைத் தட்டில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அன்றைக்கு எனக்கு வேறு சொர்க்கம் வேண்டாம்.

வெளியே நிற்பது தொடங்கியது ஓர் அரையிறுதி ஆட்டத்தில். எங்கள் ஆட்டக்காரன் இரண்டு செட் தோற்றுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். கொடியில் காய்கிற துணியை எடுக்க நான் வெளியே போனேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தால், மூன்றாவது செட்டை ஜெயித்திருந்தான்.

"நீ போனப்புறம்தான் அவன் எழுந்தான்" என்றார் வீட்டுக்காரர். முகத்தில் சிரிப்பே இல்லை.

"அப்படியா? இன்னொரு தபா போவட்டா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"போ" என்றார்.

போனேன். நாலாவது செட்டையும் ஜெயித்தான், ஐந்தாவதையும் ஜெயித்தான். "இந்தா, வந்துடு" என்று அவர் கூப்பிட்டபோது ஓடி வந்தேன். அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். கடைசிப் பந்தை ரீப்ளேவில் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கிரிக்கெட் பார்க்கிற எல்லா வீட்டிலும் இது உண்டு என்று உங்களுக்குத் தெரியும். ஒருத்தன் கால் மேல் கால் போட்டால் விக்கெட் விழாது, ஒருத்தன் எழுந்தால் சிக்ஸர் போகும். விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே பாதி நம்புவோம். எங்கள் வீட்டில் அந்தப் பாதியை நான் முழுசாக்கிவிட்டேன். அந்த வருடம் இறுதி ஆட்டத்திலும் இக்கட்டான நேரத்தில் எழுந்து வெளியே போனேன், அவன் கோப்பையை வாங்கினான். அதற்குப் பிறகு அது சட்டம். முதல் செட்டுகள் முழுக்க உள்ளே இருக்கலாம். ஆட்டம் இறுகும்போது வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமலே, "ம்" என்பார். நான் எழுந்துவிடுவேன்.

வீட்டின் பக்கவாட்டில் துவைக்கிற கல் இருக்கிறது. அதுதான் என் இடம். அங்கிருந்து பார்த்தால் ராஜகிரி மலை தெரியும், ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் தெரியும். திங்கட்கிழமை நெல் ஏலம் எடுக்கிற கமிட்டி திறப்பதற்கு ஞாயிற்றுக்கிழமையே வரிசை போட்டு நிற்கும். டிராக்டர்காரர்கள் டீ குடித்துக்கொண்டே என்னைப் பார்ப்பார்கள். துவைக்க ஒன்றுமில்லாமல் கல்லின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நிற்கிற பொம்பளையைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார்களோ. உள்ளே கூட்டம் ஆர்ப்பரிக்கிற சத்தம் கேட்கும். அது யாருக்காக என்று தெரியாது. அந்தச் சில நிமிடங்களில் ஓடிப்போய் எட்டிப் பார்க்கத் தோன்றும். இருந்தாலும் நகர மாட்டேன். நகர்ந்தால் அவன் ராக்கெட் பிசகிவிடும்.

என் மகன் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு நாள் கேட்டான். "லைவுன்னு போட்டாலும் அது நமக்கு வர்றதுக்கு சில செகண்டு ஆவும்மா. அங்க முடிஞ்சுபோன பந்துக்கு நீ இங்க எழுந்து போனா இன்னாம்மா ஆவும்?" நியாயமான கேள்விதான். "அது அவனுக்குத் தெரியும்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யாருக்குத் தெரியும் என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடமும் பெருமையடித்துக்கொள்வேன். சிங்கவரத்திலிருந்து வருகிற ஒருத்தி, "அப்ப உனக்கு அவன் ஒரு பட்டுப்பொடவ எடுத்துக் குடுக்கணுமேக்கா" என்று கிண்டல் செய்வாள். அவளுக்கு அது கிண்டல், எனக்கு அப்படி இல்லை. வளையத்தை விட்டபிறகு என் கைக்கு ஆட்டமே இல்லாமல் போயிருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போது நானும் அந்தக் கோர்ட்டில் ஒரு மூலையில் நிற்கிறதாக இருந்தது. அவன் கோப்பையைத் தூக்கும்போது அதில் ஒரு விரல் என்னுடையது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்காரரும் யாராவது கேட்டால் முகத்தை மாற்றாமல், "எல்லாம் இவ ராசிதான்" என்பார். அதிகம் பேசாத மனிதர் பேசும்போது நம்பத்தானே தோன்றும்.

இப்போது மண்டபத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வல்லத்தில் இருக்கிற என் அண்ணனின் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, செஞ்சியிலேயே மண்டபம். நான் அவளுக்கு ஒரே அத்தை. எங்கள் வழக்கத்தில் முதல் நலங்கு அத்தை வைக்க வேண்டும், கடைசியில் ஆரத்தியும் அத்தைதான் எடுக்க வேண்டும். அந்தப் பெண் பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு, "உனக்கு நான்தான்டி ஆரத்தி" என்று சொன்னவள் நான். அதே நாளில் ஆஸ்திரேலியாவில் இறுதி ஆட்டம். வீட்டுக்காரர் காலையில் வந்து தலையைக் காட்டிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கூட்டாளி ஒருவர் வீட்டில் ஆட்டம் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கூட்டாளி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

விருந்தாளிகள் வர வர நேரம் இழுத்துக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் ஆரத்தியை முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். மணி நாலைத் தாண்டியிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தட்டு என் கையில். அப்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"எங்க இருக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

"மண்டபத்துல. ஏங்க, இன்னா ஆச்சு?"

"நாலாவது செட்டு. கைய விட்டுப் போவுது. நீ உள்ளயா இருக்கற?"

"உள்ளதான். ஆரத்தி எடுக்கப் போறேன்."

"ரெண்டு நிமிஷம் வெளிய போய் நில்லேன்."

"அத்தைக்காரி நான் எடுக்கணும்ங்க. எல்லாரும் நிக்கறாங்க."

"ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் உன் இஷ்டம்."

தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்து, "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பட்டுப்புடவையோடு நின்றேன். இரண்டு நிமிடம் பத்தாயிற்று, பத்து அதற்கு மேலும் போனது. உள்ளே என்னைக் கூப்பிடுகிற குரல் அந்த இரைச்சலில் கேட்கவே இல்லை. கடைசியில் போன் அடித்தது. "ஜெயிச்சுட்டான். நீ உள்ள போ" என்றார். போனேன். ராகு காலம் வந்துவிடும் என்று அண்ணியின் தங்கையை விட்டு ஆரத்தியை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு அவள் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். மணையில் உட்கார்ந்திருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன் பேசறதுக்கு இதான் நேரமா கெடச்சுது?" என்று அண்ணி கேட்டாள். அவசரம் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எதையுமே கேட்கவில்லை, அதுதான் வினை. பொங்கல் சீர் வரும், யாராவது கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார்கள். வல்லத்துக்கும் செஞ்சிக்கும் என்ன பெரிய தூரம், அண்ணி மட்டும் வரமாட்டாள். விழா ஆல்பத்தில் ஆரத்திப் படத்தில் நான் இல்லை. அன்று ராத்திரி அழுதேன். அழுதுகொண்டே, பரவாயில்லை, ஆட்டம் ஜெயித்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினேன் என்று கணக்குப் போட்டேன்.

சில வருடங்கள் போயின. எங்கள் ஆட்டக்காரனுக்கு முழங்கால் போயிற்று, அறுவை சிகிச்சை என்றார்கள், திரும்ப வந்தான், திரும்பப் போனான். மறுபடி ஒரு ஜனவரியில் யாரும் எதிர்பார்க்காமல் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றான். இதுதான் கடைசி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்று காலையில் தோசை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். "இன்னிக்கு நான் உள்ளதான் இருப்பேன். கடைசி ஆட்டம். ஒரு தபாவாவது கண்ணால பாக்கணும்."

"இரு. யார் வேணாம்னா? தோத்தா அப்புறம் என்னைக் கேக்காத" என்றார்.

வெல்டிங் பட்டறைக் கூட்டாளியும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அவருக்கு நாற்காலி, எங்களுக்குப் பாய். நாலு செட் நான் அசையவில்லை. ஆளுக்கு இரண்டு செட். வாயும் ஓயவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "இப்ப நேரா போடுவான் பாருங்க, இப்ப வலைகிட்ட சொட்டா போடுவான்" என்று என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டாளிகூட, "தங்கச்சி சொல்றா மாதிரியே நடக்குதே" என்றார். ஐந்தாவது செட்டில் எங்கள் ஆள் சர்வீஸ் போட்ட ஒரு கேமை எதிராளி பிடுங்கிக்கொண்டான். எங்கள் ஆட்டக்காரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். வீட்டுக்காரர் "ம்" என்று சொல்லவில்லை. சும்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். காலையில் போட்ட சபதமெல்லாம் எங்கே போனதோ, நானே எழுந்துவிட்டேன். என் கண்ணுக்கு ஆசைப்பட்டு அவன் தோற்றால் எப்படி என்று இருந்தது.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அன்று புழுக்கமாக இருந்ததால் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். விளம்பரம் வந்தால் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். அப்போதும் குறைத்தார். அவர்கள் பேசியது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது.

"பாவம்டா அது. ஒவ்வொரு தபாவும் வெளிய நிக்க வெச்சிடற" என்றார் கூட்டாளி.

"நிக்கட்டும். உள்ள இருந்தா வாய் ஓயுமா? அவன் அடிக்கறதுக்கு முன்னாடி இவ சொல்லிடுவா. சொன்னா மாதிரியே அவனும் அடிச்சுத் தொலைப்பான். அப்புறம் நான் இன்னாத்த பாக்கறது? கடைசி நாலு பாயிண்டாவது மனுஷன் நிம்மதியா பாக்க வாணாமா?" என்றார் வீட்டுக்காரர்.

"ராசி ராசின்னு சொல்லுவியே."

"ராசியாவது மண்ணாவது. மொத தபா சும்மா சொன்னேன். எழுந்து போயிட்டா. நல்லதாப் போச்சுன்னு அப்படியே விட்டுட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்டா. மண்டபத்துல இருந்த தங்கச்சிய எங்க வூட்ல உக்காந்துகிட்டு போன்லயே வெளிய அனுப்பினியே, அது ரொம்ப ஓவரு."

"நீதானே கேட்ட, போன்ல சொன்னாகூட போயிடுவாளான்னு. போனாளா இல்லியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் கேட்டதில்லை.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு எங்கே போயிற்று புத்தி என்பார்கள். என் புத்தி எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. வாய் ஓயாதவள் என்று என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் ஆட்டத்தின்போது வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைச் சொல்ல வாய் வராமல், நான் ஆசை ஆசையாக நம்பிய ஒன்றை எடுத்து என்னை வெளியே தள்ளியிருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அண்ணன் பெண்ணின் ஆரத்தித் தட்டு என் கையில் இருந்த நேரத்தில், பந்தயக் காளையை ஓட்டிக் காட்டுவதுபோல் கூட்டாளிக்கு என்னை ஓட்டிக் காட்டியிருக்கிறார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

உள்ளே போனேன். எங்கள் ஆட்டக்காரனுக்கு அடுத்த பாயிண்ட் போனால் எல்லாம் போயிற்று என்ற நிலை. நான் டிவிக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன். அவன் பந்தைத் தரையில் தட்டித் தட்டி, சர்வீஸ் போட்டான். நீளமான ஆட்டம். அங்கும் இங்கும் ஓடினான். தோள் திரும்பியது. நேராக அடிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. நேராகத்தான் அடித்தான். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

முடிந்துவிட்டது. எதிராளி தரையில் விழுந்து புரண்டான்.

"நீ ஏன்டி உள்ள வந்த?" என்றார் வீட்டுக்காரர்.

திரும்பிப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண் கலங்கியிருந்தது. சற்று முன்னால் ராசியாவது மண்ணாவது என்று சொன்ன அதே மனிதர். பொய் சொன்னவரே அந்தப் பொய்க்குள் போய் விழுந்து கிடந்தார். கூட்டாளி ஒரு நிமிடம் அவரையே பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"வெளம்பரம் வந்தா சத்தத்த கொறைக்கறீங்க இல்ல. ஜன்னலு தொறந்துதான் இருக்குது" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "சும்மா வெளயாட்டுக்குச் சொன்னதுடி" என்றார்.

"மண்டபத்துல?"

"அதுவும்தான்."

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரிடம் நான் சொல்லவில்லை, யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் பொய் என்று என் காதால் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அப்படி இருந்தும் அந்தப் பந்து கோட்டைத் தாண்டி விழுந்த நொடியில் என் நெஞ்சில் முதலில் வந்தது, ஐயோ, நான் உள்ளே வந்திருக்கக் கூடாது என்பதுதான். இத்தனை வருடத்தில் அவர் எனக்குள் எவ்வளவு ஆழமாக இதை நட்டு வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வாரம் வல்லத்துக்கு பஸ் ஏறினேன். அண்ணி களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்று மண்டபத்திலிருந்து நான் ஏன் போனேன் என்பதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். டென்னிஸ் என்ற வார்த்தையை அவள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

"நான் வேற இன்னாவோ நெனச்சிட்டேன்" என்றாள். "போன் வந்ததும் ஒன் மூஞ்சி மாறிச்சு. தட்டக் குடுத்துட்டு ஓடின. உங்க வூட்டுக்காரரு உன்ன அடிப்பாரு போலருக்குது, நாம கேட்டா இன்னும் வம்பாயிடும்னு நெனச்சேன். வந்து பாத்தா நீ அழுதுடுவியோன்னுதான் நான் வரவே இல்ல."

கோபம் என்று நான் நினைத்தது அத்தனையும் பரிதாபம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏன் போன நீ? போவ மாட்டேன்னு சொன்னா இன்னா பண்ணியிருப்பாரு?" என்று அண்ணி கேட்டாள்.

ஒன்றும் பண்ணியிருக்க மாட்டார். உன் இஷ்டம் என்றுதானே சொன்னார். அவர் சொன்னதால் போனேன் என்பது பாதி பதில்தான். எனக்கே போக வேண்டும் என்று இருந்தது. அத்தையாக ஆரத்தி எடுக்க எத்தனையோ பேர் எத்தனையோ மண்டபத்தில் இருக்கிறார்கள். அவனை ஜெயிக்க வைக்க நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வது? அவளோடு சேர்ந்து நெல்லைக் காலால் கிண்டிவிட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். இப்போது அண்ணி வருகிறாள், போகிறாள். அந்தப் பெண் மட்டும் இன்னும் அத்தை என்று வாய் நிறையக் கூப்பிடுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவாள், அத்தோடு சரி.

வீட்டுக்காரர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார், அதையும் மறைக்கக் கூடாது. இந்த ஜனவரியில் பெரிய டிவி வாங்கி மாட்டினார். பாய்க்குப் பதில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். மல்லாட்டையை அவரே வறுத்தார், பாதி தீய்ந்துபோயிற்று. இறுதி ஆட்டத்தில் புதுப் பையன்கள் இரண்டு பேர். நல்ல ஆட்டம்தான். எந்தப் பந்து எங்கே போகும் என்று இப்போதும் எனக்குத் தெரிகிறது. சொல்வதில்லை.

"பேசேன். இப்ப எங்க போடுவான்?" என்று இடையில் கேட்டார்.

"பாருங்க, தெரியும்" என்றேன்.

கடைசிப் பாயிண்ட் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தார். பந்து அடித்ததையும், விழுந்ததையும், அந்தப் பையன் ராக்கெட்டைத் தூக்கி எறிந்ததையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுசாகப் பார்த்தேன். ரீப்ளே வருவதற்குள் எழுந்து, தட்டில் மிச்சமிருந்த தோலைக் கூட்டி எடுத்தேன்.

"அதான் இப்ப நேராவே பாத்துட்ட இல்ல" என்றார். "இன்னும் இன்னா கோவம் உனக்கு?"

"வெளிய நின்னப்ப நானும் ஆடிகிட்டு இருந்தேங்க" என்றேன். "இப்ப சும்மா பாக்கறேன்."